மிளகுப் பை

எங்கோ நடக்கிற சண்டையால் மிளகு விலை ஏறிக்கிடக்கிற மாசி மாதக் காலையில், மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டில், பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் பலா மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியின் உச்சியில், மேகத்துக்குப் பேன் பார்க்கிற உயரத்தில், சடையன் மிளகு பறித்து இடுப்பில் கட்டிய பையில் போடுகிறான். விழுந்தால் எலும்பைப் பொறுக்கவே ஒரு வாரம் ஆகும். அடியில் அவன் பெண்டாட்டி கண்ணாயி ஒற்றை மூங்கில் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கலியாணமான புதிதில்கூடப் புருஷனை அவள் இப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. "இத்தனை ஒசரத்துல இருந்து பாத்தாத்தான் புள்ள உம் மூஞ்சி சகிக்குது!" என்று மேலிருந்து கத்துகிறான். காற்றே இல்லை, ஏணி ஆடுகிறது. உதிர்ந்த பச்சை மிளகொன்று அவள் கொண்டையில் விழுகிறது. அதையும் எடுத்து மடியில் முடிந்துகொள்கிறாள். பறித்து முடிந்ததும் கண்ணாயியின் குரலில் மலைத்தேன் அத்தனையும் வழிகிறது. "ஏனுங்க, பை கனக்குமுங்க. கயித்துல கட்டி மொதல்ல அதைக் கீழ உடுங்க. அப்புறம் நீங்க மெதுவா எறங்குங்க." சடையன் பள்ளத்தைப் பார்க்கிறான். ஏணியைப் பிடித்திருக்கும் அவள் கைகளைப் பார்க்கிறான். பையை இடுப்போடு சேர்த்து இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்குகிறான். "நானும் பையும் ஒண்ணாவே வாரோம் கண்ணு." கண்ணாயி பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறாள்.