கோணல் கதவு

"கதவு வெச்சிருக்கீங்களா, சாய்ஞ்சு உட்கார்றதுக்குப் பலகை வெச்சிருக்கீங்களா?"

அக்கா கேட்டாள். மாமா இரண்டடி தள்ளி நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தான் மாட்டிய சமையலறைக் கதவைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் கதவு நேராகத்தான் இருந்தது.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் காலமெல்லாம் பேனா பிடித்து ரிட்டயரான மனுஷர். சுத்தியலைத் தொட்டதெல்லாம் காலண்டர் மாட்டத்தான். அவருக்கு ஓர் ஆசை. பெரியப்பா விட்டுப்போன பண்ணை வீட்டைத் தன் கையாலேயே சரிசெய்து, மனைவியோடு, அதாவது அக்காவோடு, அதில் குடியிருக்க வேண்டும்.

வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. கூரையில் வௌவால், உத்தரத்தில் கரையான், குளியலறையில் ஆளுயரத்துக்குச் செடி. ஏற்கெனவே குடியிருந்த இவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் மாமா வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மழைக்காலத்துக்குள் வீடு மனுஷங்க குடியிருக்கிற மாதிரி ஆனால் பார்க்கலாம், இல்லையென்றால் விற்றுவிட்டு டவுனிலேயே இருப்போம், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். முதல் மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. போனால் போகிறதென்று ஒருநாள் வந்தவள் கண்ணில்தான் இந்தக் கதவு பட்டது.

அதற்கப்புறம் தினமும் வந்தாள். திட்டுவதற்குத்தான். வந்துபோகிற அலுப்பு தாங்காமல் அங்கேயே முன்னறையில் தங்கிக்கொண்டாள். அதுவும் திட்டுவதற்குத்தான்.

மாமாவும் விஷயத்துக்குக் குறை வைக்கவில்லை. அவர் வைத்த ஜன்னல் மூடினால் திறக்காது. அலமாரித் தட்டில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து வந்து கீழே குதிக்கும். குளியலறைத் தண்ணீர் வடிகால் ஓட்டையை அலட்சியம் செய்துவிட்டு நேரே கூடத்துக்கு வரும்.

அக்காவுக்கு ஒரு தம்பி. அடுத்தவர் குடும்பத்தைச் சீர்திருத்துவதில் அவனுக்கு அலாதிப் பிரியம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், அக்காவுக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போவான். பாவம் மாமா, அவரை இப்படியா வாய்க்கு வந்தபடி பேசுவது என்று வருத்தப்படுவான். வருத்தப்பட்டுக்கொண்டே சாப்பிடுவான்.

அன்று வேலைநாள். ஆபீஸில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் தம்பி வந்து இறங்கினான். மாமா வழக்கம்போல் கடைத்தெருவுக்கு ஆணி வாங்கப் போயிருந்தார். சாப்பிட்டதும் தினமும் ஆணி வாங்கப் போவார்.

வீட்டுக்குள் ஒரு மேஸ்திரி. காலையில் மாமா மாட்டிய படுக்கையறைக் கதவைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். மட்டம் பார்க்கும் கட்டையைக் கையில் பிடித்தபடி அக்கா அவரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு நூல் இடது பக்கம் மேஸ்திரி... போதும், போதும்."

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னக்கா இது?"

"கத்தாதே. தினமும் நடக்கிறதுதான். அவர் ஆணி வாங்கிட்டு வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

"வந்து பார்த்தா தெரியாதா?"

"மரம் காய்ஞ்சதும் தானா நேராயிடுச்சுன்னு சொல்வேன். நம்பிடுவார்."

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு கூடாது, உண்மையை மறைப்பது துரோகம் என்றெல்லாம் தம்பி ஆரம்பித்தான். காய்ச்சலில் இருந்தாலும் குரல் கணீரென்று இருந்தது.

"நீ பாட்டுக்கு உளறி வெச்சா, மனுஷன் நாளையிலேர்ந்து சுத்தியலைத் தொடமாட்டார்டா. போதும், வித்துடலாம்னு சொல்லிடுவார்."

"நீ கேட்டதே அதானே?"

அக்கா மேஸ்திரி பக்கம் திரும்பி, சமையலறை ஜன்னலை இன்னும் பெரிசாக்கினால் காலை வெயில் உள்ளே வருமா என்று விசாரித்தாள்.

தம்பிக்கு மனசாட்சி உறுத்தியது. அடுத்தவர் விஷயத்தில் அது அவனுக்கு உடனே உறுத்தும். விறுவிறுவென்று கடைத்தெருவுக்கு நடந்தான்.

ஆணிக்கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆணிப் பொட்டலம். கையில் ஆறிப்போன டீ.

"மாமா, மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அங்கே வீட்ல ஒரு மேஸ்திரி..."

"முடிச்சுட்டாரா?"

தம்பி வாய் பிளந்தான்.

"இன்னும் இல்லையா? அப்போ உட்காரு. இப்போ போனா உங்க அக்கா கையும் களவுமா மாட்டிப்பா."

"தெரிஞ்சுமா மாமா பேசாம இருக்கீங்க?"

மாமா நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

"எல்லாம் நேரா இருந்திருந்தா, நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவ டவுனுக்கே போயிருப்பா. இப்போ ஜன்னல் எங்கே, அலமாரி எங்கே, எல்லாம் அவ சொல்றதுதான். அது அவ வீடாயிடுச்சு. தான் பார்த்துப் பார்த்துக் கட்டின வீட்டை யாராவது விப்பாங்களா?"

தம்பி அறிவுரையை மடித்து வைத்துவிட்டு, தனக்கும் ஒரு டீ சொன்னான்.

மாமா மிச்ச டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த முதல் கதவு மட்டும் தெரியாம கோணிப்போச்சு மாப்ளே. மத்ததையெல்லாம் கோண வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."