ஆளுக்கு ஒரு பிரதி

"எல்லாரும் கை தூக்கிட்டாங்க சார். நீங்க மட்டும்தான் பாக்கி" என்றாள் கணினித் திரையில் தெரிந்த அந்தப் பெண்.

சார் கை தூக்கவில்லை. வயிறு எரிந்தது.

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் அது. அவர் தொடங்கியது. நிரல் முழுக்க அவர் வீட்டு சர்வரில்தான். தன்னார்வலர்கள் என்ன திருத்தினாலும் அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துச் சேர்த்தால்தான் உண்டு. சர்வர் படுத்தால் அத்தனை பேர் வேலையும் படுத்துவிடும்.

நேற்று முளைத்த இவள், "'கிட்'னு நிரலைப் பகிர்ந்து வச்சுக்கிற ஒரு மென்பொருள் இருக்கு, அதுக்கு மாறிடலாம். ஆளுக்கு ஒரு முழுப் பிரதி இருக்கும், உங்க வீட்டு சர்வரை நம்பி இருக்க வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். எல்லாரும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு அவருக்கு ஒருத்தரும் இப்படிக் கை தட்டியதில்லை.

"கண்டவங்களும் கை வச்சா தரம் என்னம்மா ஆகும்?"

"எதைச் சேர்க்கலாம்னு எப்பவும்போல நீங்களே சொல்லுங்க சார். ஆனா நீங்க இல்லேன்னாலும் வேலை நடக்கணும்."

நீங்க இல்லேன்னாலும். முள் மாதிரி தைத்தது.

அவரை மீறித் தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகப் போனில் பிடித்தார்.

"என் இடம் வேணும்னா நேராவே கேட்டிருக்கலாம். எதுக்கு இப்படிச் சுத்தி வளைக்கணும்?"

"சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்காங்க சார். ஆனா நீங்க இப்படி நினைக்கிறப்போ சொல்லாம இருக்க முடியலை."

"யாரு வாங்கினா?"

"போன மாசம் சர்வர் நின்னுபோச்சுன்னு உங்களுக்குப் போன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கா? நெஞ்சுல ஆபரேஷன் ஆகி நீங்க படுத்திருந்தது எனக்குத் தெரியாது. நீங்களும் சொல்லலை. சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போய்ச் சரி பண்ணிக் கொடுத்தீங்களாம்."

"அது ஒரு சின்ன வேலைம்மா."

"அன்னிக்குச் சாயங்காலம் உங்க மனைவி என்னைக் கூப்பிட்டு அழுதாங்க. 'அந்த மெஷின் எனக்குச் சக்களத்தி மாதிரி. இத்தனை வருஷமா பொறாமையை உள்ளேயே வச்சுக்கிட்டு அவளோட குடும்பம் நடத்திட்டேன். இப்ப அவர் உசிருக்கே வந்துட்டா. எப்படியாவது எங்க வீட்டைவிட்டு அவளைக் கூட்டிட்டுப் போயிடும்மா'ன்னு கேட்டாங்க சார்."