கண்ணாடிக்குத் தெரியாத சேதி

காலையில் கோவைக்குப் போய் மாறுகண்ணைச் சரிசெய்துகொண்டு, மத்தியானமே திருப்பூர் திரும்பிய துளசிமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து மூக்குப் பக்கமே ஒதுங்கிக் கிடந்த இடது கண் இப்போது நேராக நின்றது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

கதவைத் திறந்த கணவர் சென்னியப்பன் அலறிவிட்டார்.

"ஏம்புள்ள, கண்ணு இப்படி வெளிப்பக்கமா திரும்பிக் கெடக்குது? ஆப்பரேசன்ல கெடுத்துப்போட்டாங்களா?"

அவள் பதறிப்போய் இடது கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவர் போட்டிருந்த கண்ணாடியைக் கவனித்தாள். எதிரே இருப்பவர் தோற்றத்தின் குறைகளைச் சரிசெய்து காட்டும், ஊரே மாட்டிக்கொண்டு திரிகிற கண்ணாடி. பெண் பார்க்க வந்த அன்றே அதோடுதான் வந்தார், தூங்கும்போதுதான் கழற்றுவார். இத்தனை வருடமும் அவளுடைய இடது கண்ணை வெளியே இழுத்து நேராகக் காட்டிய அது, பழக்கதோஷத்தில் இன்றைக்கும் இழுத்திருக்கிறது. பாவம், அதற்குச் சேதி தெரியாது!

துளசிமணிக்குச் சிரிப்புப் பீறிட்டது.

"மொதல்ல அதக் கழட்டுங்க!" என்று அவளே பிடுங்கினாள். "உங்க கண்ணாடிக்குள்ள நேரா இருந்தது போதும். இப்ப என்ற மூஞ்சியிலயே நேரா இருக்குது, பாருங்க!"

சென்னியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே வந்தார். பட்டப்பகலில், வெறுங்கண்ணால் அவளைப் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல்முறை. அவளுடைய இரண்டு கண்களும் அவரையே பார்த்தன. அவர் பார்வை மெல்ல மேலே ஏறி, அவள் வகிட்டில் நின்றது.

"ஏம்புள்ள, உனக்கு எப்ப நரைச்சுது?"

"அது ஆச்சுங்க நாலு வருசம்!" என்றாள் துளசிமணி, சந்தோஷம் தாங்காமல்.