மூன்று ஷிஃப்டுகளின் பெயர்கள்

புனேயின் மகர்பட்டா அலுவலகத்தின் நான்காம் மாடிக் கண்ணாடியில் மாலை வெயில் வழிகிறது. கையால் திரைக்கு நிழல் பிடித்தபடி சந்திரிகா பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அவள் கட்டிய முப்பரிமாண அட்டவணை: எந்திரம், மாதம், ஷிஃப்ட். பழுதுகளை எண்ணும்போது ஆர் ஷிஃப்டுகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருக்கிறது: ஆஃப்டர்நூன், மார்னிங், நைட்; அதாவது மதியம், காலை, இரவு. அவளோ அந்த வரிசையைப் பார்க்காமல், பொழுது போகும் போக்கில் காலை, மதியம், இரவு என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். மதிய ஷிஃப்டின் பழுதெல்லாம் காலையின் தலையில் விழுந்துவிட்டது. ஆறிப்போன டீக்குப் பக்கத்தில் எந்திரங்களுக்குச் சொந்தமான கிளையண்ட், தளேகாவ் தொழிற்சாலையின் மெயில், அச்செடுத்தது: உங்கள் அறிக்கைப்படி காலை ஷிஃப்ட் ஃபோர்மேன் துரைசாமியை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், நன்றி. “முகுந்த், அவங்ககிட்ட நாம சொல்லியாகணுங்க,” என்கிறாள். மேலாளர் முகுந்த் தன் பையின் ஜிப்பை நிதானமாக இழுத்து மூடுகிறான். “பேருதானே மாறியிருக்கு. நம்பர் எல்லாம் கரெக்ட்தானே? கிளையண்ட் கேக்காம நாம வாயைத் திறக்க வேணாம்.” லிஃப்ட் மணி அடிக்கிறது, அவன் போய்விடுகிறான். சந்திரிகா மூன்று பெயர்களையும் சரியான வரிசையில் தட்டி எண்டரை அழுத்துகிறாள். தப்பாக வைத்த அன்றைக்குப் போலவே, ஆர் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொள்கிறது.