யார் கை அழுக்கு?

கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்கிற சமாச்சாரம் இல்லை இது.

டென்மார்க்கில், எங்கள் யூட்லாண்ட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பதும், பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுப்பதும் என் வேலை. நாலாம் வகுப்பு டீச்சர் கிர்ஸ்டன் எதையும் சொல்லித்தர மாட்டாள். பிள்ளைகளே கேள்வி கேட்கணும், அவர்களே சோதித்துப் பதில் தேடணும். நல்ல உத்தியோகம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் கேள்வி கேட்டது லீவா. கெட்டிக்காரி, வாய்த்துடுக்கு.

"யாரு கை ரொம்ப அழுக்கு?"

கேட்டுவிட்டு அஸ்கெரைப் பார்த்தாள். பன்றிப் பண்ணைக்காரர் மகன். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

கிர்ஸ்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கை தூக்கச் சொன்னபோது அந்தக் கேள்விதான் ஜெயித்தது.

"சரி, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

அதையும் அதுகளே சொல்லின. ஆளுக்கொரு வெள்ளை ரொட்டி. உள்ளங்கையில் தேய்த்து, பையில் போட்டு, பேர் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டணும். யார் ரொட்டியில் பூஞ்சை அதிகமோ, அவர்தான்.

"இங்கெர், நீங்களும் வாங்க," என்றாள் கிர்ஸ்டன். ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு நானும் தேய்த்தேன்.

பத்து நாள். அஸ்கெர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எப்போது பார்த்தாலும் குழாயடியில் நின்றான். புறங்கை சிவந்து வெடித்திருந்தது.

"ரொட்டியத் தேய்ச்சாச்சேடா, இப்பக் கழுவி என்ன?"

"என்னோடது பச்சையா இருந்தா நான் இந்த ஸ்கூலுக்கு வர மாட்டேன், இங்கெர்."

அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

பைகளை எடுத்துப் பார்க்கிற வெள்ளிக்கிழமை, மணி அடிக்குமுன் லீவா வந்து நின்றாள்.

"அலமாரியத் திறங்களேன். என் கையுறை உள்ள மாட்டிக்கிச்சு."

திறந்துவிட்டு வாளியை எடுக்கப் போனேன். திரும்பினால், பேர்ச்சீட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்ல. உரிஞ்சிருந்துச்சு, ஒட்டறேன்."

தொலைந்தான் அஸ்கெர். கிர்ஸ்டனிடம் சொல்ல ஓடினேன். அதற்குள் மணி அடித்து எல்லாம் உள்ளே வந்துவிட்டது.

கிர்ஸ்டன் ஒவ்வொரு பையாக எடுத்தாள். அஸ்கெர் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் ரொட்டி வெள்ளை. ஒரு புள்ளி இல்லை.

"எப்படிடா?" என்றான் ஒருத்தன்.

"பன்னிக் கொட்டாய்க்குள்ள நுழையறதுக்கும் குளிக்கணும், வெளிய வரதுக்கும் குளிக்கணும். நம்ம கிருமி பன்னிக்கு ஒட்டிடக் கூடாதுன்னு அப்பா விட மாட்டார்."

கேட்டவன் தன் கையை மெல்ல மோந்து பார்த்துக்கொண்டான்.

என்னுடையதும் வெள்ளைதான். கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன்.

கடைசிப் பை பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. பேர், லீவா.

ஒரே கூச்சல். நான் விடுவேனா?

"அடுத்தவன் கையப் பாக்கறதுக்கு முன்னாடி உன் கையக் கழுவுடி."

"சரி, இங்கெர்," என்றாள், தலை நிமிராமல்.

எல்லோரும் விளையாடப் போனதும், குப்பையில் போட அந்தப் பையை எடுத்தேன். ஈரத்தில் சீட்டு நழுவியது. அடியில், முழுசாக உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு சீட்டு.

அதில் பாதி என் பேர்.

வாசலில் லீவா நின்றாள்.

"யாரோடதுன்னு முன்னாடியே பாக்கத்தான் திறக்கச் சொன்னேன்; உங்க பேரப் புதுசா எழுதி என் பையில ஒட்டிட்டேன். நீங்க நறுக்கற ஆப்பிளத்தான எல்லாரும் திங்கறோம். தெரிஞ்சா உங்கள விட்டு வைப்பாங்களா? உங்க வேலை போகணும்னு நான் அந்தக் கேள்வியக் கேக்கல."

பையை என் கையிலிருந்து வாங்கிக் குப்பைக்குள் அமுக்கி, வாயை இறுக்கிக் கட்டினாள். பிறகு கை கழுவும் தொட்டி மேலிருந்த சோப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.