சிறப்புப் பேச்சாளர்

தேர்வு நேரம் என்று கல்லூரி நூலகத்தை ராத்திரி வரை திறந்து வைத்தே நூலகரம்மாவுக்கு இடுப்பு ஒடிந்திருந்தது. போதாக்குறைக்கு இன்று சிறப்புப் பேச்சு வேறு. என்றுமில்லாத அதிசயமாக அரங்கு நிரம்பியிருந்தது. பேச வேண்டிய டாக்டரைத்தான் காணோம்.

சலிப்போடு போன் போட்டார். செய்தித்தாள் பகுதியில் மணி அடித்தது. நாளிதழ்மேல் கன்னத்தை வைத்து, வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார் டாக்டர்.

"எழுப்பட்டுமா மேடம்?" என்றார் உதவியாளர்.

"ராத்திரி டியூட்டி முடிச்சு நேரா வர்றேன்னார். பாவம், விடுங்க."

அரங்கில் பாதிப் பேர் கண்ணைத் திறந்து வைக்கவே படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். நூலகரம்மா மைக்கை எடுத்தார்.

"இன்னிக்குத் தலைப்பு, 'படிக்கிறவங்களுக்குத் தூக்கம் ஏன் தேவை?' டாக்டர் அந்தப் பக்கம் செஞ்சே காட்டிக்கிட்டு இருக்கார். நீங்களும் செஞ்சு பாருங்க."

விளக்கை அணைத்துவிட்டு, கடைசி நாற்காலியில் தானும் சாய்ந்தார்.