ஆளுக்கொரு குசினி

மேசைமேல் சாவி கிடந்தது.

அவள் அதைத் தொடவில்லை. மச்சாளும் தொடவில்லை.

"பக்கத்து வீட்டுல இருந்தவங்க கோலாலம்பூருக்கே மாறிப் போயிட்டாங்க அக்கா. அதுவும் எங்க வீடுதான். உங்களுக்குன்னா வாடகையக் குறைச்சுக்கலாம்" என்றாள் வீட்டுக்காரி பிரமிளா. "ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு குசினி. வசதியா இருக்கும்லா."

ஆளுக்கொரு குசினி.

டொரொன்டோவில் இருந்த முப்பது வருடமும் அவள் வேறெதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மச்சாள் அவள் கணவருடைய அக்கா. கலியாணம் செய்யாதவள். தம்பி கனடாவுக்குக் கூப்பிட்டதும் வந்து இறங்கினாள். வந்த நாளிலிருந்து அதே வீடு, அதே குசினி. காலையில் மச்சாள் சமைப்பாள். வேலை முடிந்து வந்து மாலையில் அவள் சமைப்பாள். ஒருத்தி உள்ளே நின்றால் மற்றவள் வாசலோடு திரும்பிவிடுவாள்.

சண்டை என்று ஒன்றுமில்லை. சண்டை பிடித்திருந்தால் ஒருநாளில் முடிந்திருக்கும்.

பேச்செல்லாம் அவள் கணவர் சத்தியசீலன் வழியாகத்தான். அக்காவிட்டைச் சொல்லுங்கோ, தூள் முடிஞ்சுது. உன்ரை மனிசியிட்டைச் சொல்லு, மீன் வாங்கி வைச்சிருக்கு. மனிதர் சிரித்தபடி இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

பென்சன் எடுத்ததும் மலேசியாவுக்குப் போய்விட வேண்டும் என்பது அவருடைய கனவு. ஈப்போ என்று ஊரையும் முடிவு செய்திருந்தார். பனி கிடையாது. கனடாவில் இழுபறிப்படுகிற பென்சன் அங்கே தாராளமாகப் போதும். சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கும், தெருவில் தமிழ் கேட்கும். படங்களைப் பார்த்தே வீடு பிடித்தார். தனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்தார்.

புறப்பட இருந்த மாதத்தில் மாரடைப்பு வந்தது.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், பயணத்தை விட்டுவிடுவதென்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்தது. மச்சாள் குசினிக்குள் வந்தாள். அவள் உள்ளே நிற்கிறாள் என்று தெரிந்தும் வந்தாள்.

"தனியப் போகாதையும். நானும் வாறன்."

ஈப்போவில் முதல் சில கிழமைகள் இருவரும் வாய் திறக்கவில்லை. கொண்டுபோய்ச் சொல்ல ஆளில்லை.

பிறகு ஒருநாள் பின்கதவால் ஓர் உடும்பு குசினிக்குள் நுழைந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒரே கதிரையில் ஏறி, ஒருத்தியை ஒருத்தி இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். உடும்பு மிரண்டு ஓடிவிட்டது. அவர்கள் இறங்கவில்லை. சிரிப்பு அடங்கினால்தானே இறங்க.

அன்று மத்தியானம் மச்சாள் தேங்காய் துருவினாள். அவள் சொதி வைத்தாள்.

அப்படியே ஒரு வருடம் போயிற்று. சந்தைக்குச் சேர்ந்து போனார்கள். வழியில் மீன்காரியைப் பற்றி வம்பு பேசினார்கள். கனடாக் குளிரில் அவளைப் படுத்திய முழங்கால் நோவு எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னேரம் மலைகளை மறைத்துக்கொண்டு மழை வரும்போது வாசலில் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது இந்தச் சாவி.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முப்பது வருடம் குசினி வாசலோடு திரும்பிப் போனவள் தான் மட்டுமா? மச்சாளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். வேண்டாம் என்றால் அதைத் தடுத்ததாகும். வேண்டும் என்றால் போ என்று சொன்னதாகும்.

பிரமிளா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மச்சாள் எழுந்தாள். சாவியை எடுத்தாள்.

"ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

அவள் சுவர்ப்பக்கம் காதைக் கொடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. காலடிகள் அறை அறையாகப் போயின. ஒரு ஜன்னல் கிறீச்சிட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. குசினிதான். காலடிகள் அங்கேயே நின்றுவிட்டன.

வெகுநேரம் நின்றன.

பிரமிளா தன் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மச்சாள் திரும்பி வந்தாள். சாவியைப் பிரமிளாவின் பக்கமாக வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"வீடு நல்ல வீடுதான் பிள்ளை. குசினியும் பெரிசு. ஆனால் அங்கை வெயில் வராது."

பிரமிளா வாயைத் திறந்தாள். இரண்டும் ஒட்டிக் கட்டிய வீடுகள். இரண்டு வாசலும் ஒரே பக்கம் பார்த்தவை.

"ஓம்" என்று அவள் முந்திக்கொண்டாள். "துப்பரவா வராது."

பிரமிளா சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிரமிளாவின் கார் தெருமுனை திரும்பியதும் மச்சாள் உலை வைக்க உள்ளே போனாள்.

அவள் துணி எடுக்க வெளியே வந்தாள். ஒரு கொடி இருவருக்கும் போதவில்லை என்று, காலையில் மச்சாளின் சேலைகளைப் பக்கத்து வீட்டு முற்றத்துக் கம்பியில் போட்டிருந்தாள்.

மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. தொட்டபோது கை சுட்டது.